வரப்போரக் கீழாநெல்லியும் பாராசிட்டமாலும்

மழைக்குப் பிறகு கும்பகோணம் பக்கத்து வயல் வரப்புகளில் குனிந்து பார்த்தால் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கும். இலைக்கொத்தைத் திருப்பினால், அடியில் மிளகைவிடச் சிறிய பச்சைக் காய்கள் வரிசை பிடித்து நிற்கும். பெயர்க்காரணமே அதுதான். காமாலை என்றதும் அதை வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது எங்கள் ஊர்களில் இன்றும் உண்டு. வாய்க்கால் ஈரத்தில் வெள்ளைப்பூக் கரிசலாங்கண்ணி நிற்கும். இலையைக் கசக்கினால் சற்று நேரத்தில் விரல் கறுத்துவிடும்.

இவ்விரண்டும் கல்லீரலைக் காக்குமா என்று ஆய்வகங்கள் வெகுகாலமாகச் சோதித்து வருகின்றன. அங்கே எலியின் கல்லீரலைக் கெடுக்க அடிக்கடி எடுத்துக்கொள்வது, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலைத்தான்.

விழுங்கிய பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இவை பெரிய வாய்க்கால்கள். 5 முதல் 10 சதவீதம் மட்டும் சைட்டோகுரோம் நொதிகள் என்ற சின்ன வாய்க்காலில் போய், 'நாப்கி' என்ற நச்சுப்பொருளாக மாறும். அளவோடு சாப்பிட்டால் கவலையில்லை. செல்லில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதைப் பற்றிக்கொண்டு அடக்கிவிடும். அளவு மீறினால் சல்பேட் வழி நிரம்பிவிடுகிறது, சின்ன வாய்க்காலில் வரத்து கூடுகிறது, குளுட்டாதயோன் கரைகிறது. கையிருப்பு ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், நாப்கி செல்லின் புரதங்களில், குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவில், போய் ஒட்டிக்கொள்ளும். செல் சாகும், உள்ளிருந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று ஏறி நிற்பவை அவைதாம்.

சில நாட்கள் கீழாநெல்லிச் சாரம் கொடுத்த எலிகளில் இந்த ஏற்றம் குறைகிறது. கீழாநெல்லியின் ஃபில்லாந்தின், கரிசலாங்கண்ணியின் வெடெலோலாக்டோன் போன்றவை ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கின்றன. குளுட்டாதயோனும் அவ்வளவாகக் குறைவதில்லை. சில மூலிகைச் சாரங்கள் சைட்டோகுரோம் நொதிகளையே மட்டுப்படுத்துகின்றன. நான் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். நொதி மட்டுப்பட்டால் நாப்கி உருவாவதே குறையும். ஆனால் அதற்குச் சாறு முன்கூட்டியே உள்ளே போயிருக்க வேண்டும். பெரும்பாலான எலிச் சோதனைகளில் சாரம்தான் முதலில், விஷம் பிறகு. மனிதர் வாழ்க்கையில் வரிசை தலைகீழ்.

காமாலையில் கீழாநெல்லிக்குக் கிடைத்த பேரையும் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பச்சிலை என்பதாலேயே தீங்கில்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

நடவுக் காலத்தில் இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று வாங்கி விழுங்குகிறோம். மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தொடர்ந்து மது குடிப்பவருக்கும் சரியாகச் சாப்பிடாதவருக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. அவர்களுக்கு இந்த வரம்பே ஆபத்தாகலாம்.

அளவு மீறி விழுங்கியவர் முதல் நாள் முழுக்க நன்றாகவே இருப்பது போலத் தெரியும். மிஞ்சிப்போனால் குமட்டல் இருக்கும். கல்லீரல் கெடுவது அந்த அமைதிக்குள்தான். இதற்கு முறிமருந்து என்-அசிட்டைல் சிஸ்டீன். குளுட்டாதயோன் உருவாகத் தேவையான சிஸ்டீனை அது தருகிறது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுதாகவே காப்பாற்றிவிடலாம். அந்த நேரத்தில் கீழாநெல்லி தேடி வரப்புக்குப் போகாதீர்கள். ஆளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், கையோடு மாத்திரை அட்டையையும். அதில் எத்தனை குழி காலி, எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதிலிருந்துதான் மருத்துவர் கணக்கைத் தொடங்குவார்.