பயாப்சி: பொருளும் தமிழ்ச் சொல்லும்

“சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க” என்று ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கேட்டிருப்போம். மருத்துவர்கள் பயாப்சி என்று சொல்வது இதைத்தான். உடலில் சந்தேகப்படும் இடத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். அது புற்றுநோய்தானா, என்ன வகை என்று உறுதியாகச் சொல்ல பெரும்பாலும் பயாப்சிதான் வேண்டும்.

கிரேக்கத்தில் பயோஸ் என்றால் உயிர், ஆப்சிஸ் என்றால் பார்வை. இரண்டையும் சேர்த்து இந்தச் சொல்லை 1879-இல் உருவாக்கியவர் எர்னஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர். பிரேதப் பரிசோதனையைக் குறிக்கும் ஆட்டாப்சி அதற்கு முன்பே இருந்தது. “தானே நேரில் பார்ப்பது” என்பது அதன் வேர்ப்பொருள். அதுவரை நோயுற்ற உறுப்பை உள்ளே திறந்து பார்ப்பது பெரும்பாலும் ஆள் இறந்த பிறகுதான். ஆள் உயிரோடிருக்கும்போதே பார்ப்பதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கவனித்தால், பயாப்சி என்ற சொல்லில் வெட்டுவதும் இல்லை, சதையும் இல்லை.

தமிழில் இதற்குத் திசு ஆய்வு, திசுப் பரிசோதனை, உயிர்த்திசுப் பரிசோதனை என்றெல்லாம் எழுதுகிறோம். வெட்டி ஆய்வது என்று பொருள்படும்படி சொல்லாக்கம் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஊசியால் எடுப்பது, எண்டோஸ்கோப்பி என்ற உள்நோக்கிக் குழாய் வழியாகக் கிள்ளி எடுப்பது, கட்டியையே முழுதாக அகற்றிப் பார்ப்பது எல்லாமே பயாப்சிதான். தவிர, பயந்துபோய் வந்திருக்கும் நோயாளியிடம் வெட்டு என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்? ‘சதை டெஸ்ட்’ எல்லோருக்கும் புரியும் என்றாலும், எலும்பு மஜ்ஜையில் எடுக்கும்போது அது பொருந்தாது. திசு ஆய்வு போதும் என்பது என் கட்சி.

திசு என்பது டிஷ்யூ என்ற ஆங்கில ஒலியைத் தழுவியது. அதன் பழைய பிரெஞ்சு மூலத்துக்கு நெய்யப்பட்டது என்று பொருள். 1800-ஐ ஒட்டி, மனித உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாகப் பிரித்துச் சொன்னவர் பிஷா என்ற பிரெஞ்சு உடற்கூறியல் அறிஞர். அதையும் நுண்ணோக்கி இல்லாமலே செய்தார்! இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் திசுவை இழையம் என்கின்றன. இழை என்ற சொல்லிலேயே நெசவு இருப்பதால், மூலப்பொருளுக்கு நம் திசுவைவிட அது நெருக்கம். செல்லுக்கு அங்கே கலம், இங்கே உயிரணு. 1665-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகளுக்கு வைத்த பெயர்தான் செல்.

செல்கள் பல சேர்ந்து அமைவதுதான் திசு. இரண்டும் வேறு வேறு என்பது ரிப்போர்ட்டைப் படிக்கும்போது முக்கியம். கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனையில் வருபவை உதிரி செல்கள். இதை உயிரணு ஆய்வு எனலாம். சற்றுத் தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியில் திசு அதன் அமைப்போடு வரும். முன்னது உதிர்ந்த செங்கற்கள், பின்னது சுவரின் ஒரு துண்டு. தைராய்டில் ஃபாலிக்குலர் வகைக் கட்டி சாதுவா, புற்றுநோயா என்று எஃப்.என்.ஏ.சி.யால் பிரிக்க முடியாது. கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ இரத்தக்குழாயையோ செல்கள் துளைத்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். அது உதிரி செல்லில் தெரியாது. “ஊசி டெஸ்ட்தான் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?” என்ற கோபத்துக்குப் பல நேரம் பதில் இதுதான்.

ரிப்போர்ட் வரச் சில நாள் ஆவதற்கும் காரணம் உண்டு. திசுவை ஃபார்மலின் என்ற கரைசலில் பதப்படுத்தி, மெழுகில் பொதித்து, நான்கைந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் சீவி, சாயம் ஏற்றுவார்கள். ஒரு வகை மரத்திலிருந்து கிடைக்கும் ஹெமடாக்சிலின் செல்லின் கருவை நீலமாக்கும். இயோசின் மற்ற பகுதியை இளஞ்சிவப்பாக்கும். கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா, செல்கள் கண்டபடி பிளக்கின்றனவா, எல்லையை மீறிப் பக்கத்துத் திசுவுக்குள் போகின்றனவா என்று நோயியல் மருத்துவர் பார்ப்பார். எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கவும் நேரம் வேண்டும். மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற ஏற்பிகளை, அதாவது செல்லுக்கு வரும் சமிக்ஞைகளை ஏற்கும் புரதங்களை, தனியே சோதிப்பார்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதைப் பொறுத்தது.

அப்புறம் இந்த ‘நெகட்டிவ்’. எடுத்த துண்டில் புற்றுநோய் இல்லை என்பதுதான் அதன் பொருள், உடம்பில் இல்லை என்பதல்ல. 1887-இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல்வளையில் ஒரு வளர்ச்சி. புற்றுநோய் என்று சந்தேகித்த ஜெர்மன் மருத்துவர்கள் அறுவைக்குத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வந்த தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கென்ஸி சிறு துண்டுகளை எடுத்துக் கொடுக்க, செல் நோயியலின் தந்தை எனப்படும் ருடால்ஃப் ஃபிர்ஹோ அவற்றில் புற்றுநோயைக் காணவில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் பேரரசரான ஃபிரெடெரிக் 99 நாள் ஆண்டு, ஜூன் 15 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. ஃபிர்ஹோவின் கண் பிசகியது என்பதைவிட, சரியான இடத்துத் துண்டு அவர் கைக்கு வரவில்லை என்றே பலர் சொல்கிறார்கள். இன்று ஸ்கேன் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவதும், சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுப்பதும் இதனால்தான்.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொள்வது அரிதாக நடக்கிறதுதான். அதனால்தான் எலும்புக் கட்டிகளில், பின்னால் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்றும்படி இடம் பார்த்து ஊசி போடுகிறார்கள். விரைக் கட்டியில் விதைப்பை வழியாக ஊசி போடுவதைத் தவிர்க்கிறார்கள். அதற்காகப் பயாப்சியே வேண்டாம் என்று தள்ளிப்போட்டால், நோய் தன் பாட்டுக்கு வளரும்.

இப்போது ‘லிக்விட் பயாப்சி’ என்று ஒன்று வந்திருக்கிறது. இரத்தம் எடுத்து, அதில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுவது. சில நுரையீரல் புற்றுநோய்களில் மருந்தைத் தேர்ந்தெடுக்க இது பயன்படுகிறது. என் ‘திசு ஆய்வு’ இங்கே உதைக்கிறது. இரத்தமும் ஒரு வகைத் திசுதானே என்று வாதாடலாம். ஆனால் தேடுவது இரத்தத் திசுவை அல்ல. சரி, இதற்கு மட்டும் ‘குருதிவழிக் கட்டி ஆய்வு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான்.