சாயம் பூசிய மீன்

ஒரு மீன் நீலமாக இருந்தால் அதன் உடம்பில் நீலச் சாயம் துளியும் இல்லை என்று துணிந்து பந்தயம் கட்டலாம். நீல மீன்களில் அநேகமாக எல்லாவற்றின் தோலிலும் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விழும் ஒளியில் நீலத்தை மட்டும் அவை திருப்பி அனுப்புகின்றன. எல்லாம் ஒளி செய்யும் வேலை.

அந்தப் பந்தயத்தில் நம்மைத் தோற்கடிப்பது மாண்டரின் மீன். இதன் தோலில் நிஜமான நீல நிறமியைச் சுமக்கும் செல்கள் இருப்பதை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் இது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆள்காட்டி விரல் நீளம்கூட வராத உடம்பு. நீலத்தின் மேல் ஆரஞ்சு வரிகள் நெளிந்து ஓடும். முகத்தில் பச்சையும் மஞ்சளும். செதில் கிடையாது. அதற்குப் பதிலாக நாற்றமும் கசப்பும் கொண்ட கெட்டியான கோழை உடம்பை மூடியிருக்கிறது. இத்தனை பகட்டோடு இவ்வளவு மெதுவாகத் திரிய முடிவது அந்தக் கோழையின் தயவில்தான் என்று தோன்றுகிறது.

ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை, மேற்குப் பசிபிக்கின் ஆழமற்ற, அலை அடங்கிய பவளப் பகுதிகளில் வாழ்கிறது. உடைந்த பவளத் துண்டுகளின் இடுக்குகளே வீடு. பொழுது சாயும் வேளையில் இணை சேர வெளியே வரும். ஆணும் பெண்ணும் ஒட்டியபடி சற்று மேலெழுந்து, முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுச் சட்டென்று கீழே மறையும்.

சாப்பிடும் விதம்தான் பார்க்க வேண்டியது. இரையைத் துரத்துவதே இல்லை. இடுப்புத் துடுப்புகளை ஊன்றித் தரையில் ஊர்வதுபோல் நகரும், நிற்கும், ஒரு கல்லை உற்றுப் பார்க்கும். பிறகு சின்ன வாய் குழல்போல் முன்னே நீளும், ஒரு கொத்து. உள்ளே போனது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள கோபிபாட் என்ற ஓட்டுடலி. சிறு புழுக்களும் மீன் முட்டைகளும் கிடைத்தால் விடாது. ஒவ்வொரு வாயும் இத்துனூண்டு என்பதால் பகல் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நிறத்தில் மயங்கி வீட்டு மீன்தொட்டிக்கு இதை வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடலில் பிடித்த மாண்டரின் மீன்களில் பல உலர்தீவனத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. புதிய தொட்டியில் இருக்கும் கொஞ்சநஞ்ச கோபிபாட்களையும் தின்று தீர்த்துவிட்டு, வயிறு ஒட்டி, பட்டினியில் சாகின்றன. கற்களில் கோபிபாட்கள் தாமாகவே பெருகிவிட்ட பழைய, பெரிய தொட்டி இருந்தால் பிழைக்கும். இல்லையேல், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்து, உறைந்த உணவைத் தின்னப் பழகிய குஞ்சுகளைத் தேடி வாங்க வேண்டும்.