மாநாட்டை ரத்து செய்யும் முன் ஒரு போன் பண்ணுங்கள்

மாநாடு நடத்தித் தருவதுதான் என் தொழில். சிகாகோவில் இருந்துகொண்டு மருத்துவர் சங்கம், ஆசிரியர் சங்கம் என்று யார் கேட்டாலும் ஊர் பார்த்து, ஹோட்டலோடு விலை பேசி, ஒப்பந்தம் போட்டு, கடைசி நாள் சாப்பாட்டுக் கணக்கு முடிகிற வரை கூட நிற்கிற வேலை. ஏதாவது ஒரு மாநிலம் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்கிவைக்க வழி செய்யும் சட்டம் போட்டுவிட்டால், "அந்த மாநிலத்துக்கே போகக் கூடாது" என்று சங்கத்தில் பேச்சு எழுந்த அரை மணி நேரத்தில் எனக்கு போன் வந்துவிடும்.

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளரைப் பார்த்து "உன்னைப் போன்றவர்களுக்கு இங்கே விற்க மாட்டேன்" என்று சொல்லவும், அதற்கு மதத்தைக் காரணம் காட்டவும் சட்டமே இடம் கொடுத்தால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். எப்படி எதிர்ப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

2015 மார்ச் 26, வியாழக்கிழமை. இந்தியானா ஆளுநர் மைக் பென்ஸ் மதச் சுதந்திரச் சட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். தன் மத நம்பிக்கைக்கு எதிராக நடக்கும்படி அரசு வற்புறுத்தினால் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். இதே பெயரில் 1993 முதல் நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் இல்லாத எதை நாங்கள் செய்துவிட்டோம் என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். வித்தியாசம் இருந்தது. இந்தியானா சட்டம் லாபத்துக்கு நடக்கும் நிறுவனங்களுக்கும் அந்தப் பாதுகாப்பை எழுத்திலேயே கொடுத்தது, அரசு சம்பந்தப்படாத தனியார் வழக்குகளிலும் அதைக் கேடயமாகப் பிடிக்கலாம் என்றது. தன்பாலீர்ப்பாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் மாநிலச் சட்டமோ அங்கே கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மக்கள் ஏன் பயந்தார்கள் என்று புரியும்.

அடுத்த ஏழு நாளில் நடந்ததை என் தொழிலில் இருக்கிற யாரும் மறக்க மாட்டோம். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் மார்க் பெனியாஃப், ஊழியர்களோ வாடிக்கையாளர்களோ இந்தியானா போக வேண்டிய நிகழ்ச்சிகளையெல்லாம் ரத்து செய்வதாக அறிவித்தார். ஆஞ்சிஸ் லிஸ்ட் நிறுவனம் 4 கோடி டாலர் விரிவாக்கத்தை நிறுத்திவைத்தது. கனெக்டிகட் மாநிலம் அரசுச் செலவில் இந்தியானா பயணம் வேண்டாம் என்றது. கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்று அந்த வார இறுதியில் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸில்தான், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி, இந்தச் சட்டத்தைக் காட்டி யாருக்கும் சேவையை மறுக்க முடியாது என்று திருத்தம் கையெழுத்தானது. ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் புறக்கணித்தால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு வந்தது. இந்தியானாவில் நடந்தது, ஏனென்றால் பறித்துக்கொள்ள அங்கே ஏதோ இருந்தது: மாநாட்டை நம்பிப் பிழைக்கும் ஒரு நகரம், பெரிய கம்பெனிகள், கண்முன்னே ஒரு விளையாட்டுத் திருவிழா. கேட்டதும் ஒரே விஷயம், சட்டத்தைத் திருத்து என்பது. மறு வருஷம் மிசிசிப்பி இதைவிடக் கடுமையான சட்டம் போட்டது. அங்கேயும் புறக்கணிப்பு அறிவித்தார்கள். ஆனால் ஏழை மாநிலம், ரத்து செய்யப் பெரிய மாநாடே அதிகம் இல்லை. நீதிமன்றத்தில் கொஞ்ச காலம் தடைபட்டு, 2017 அக்டோபரில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தே விட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த ஏப்ரலில் என் வாடிக்கையாளரான ஒரு தொழில்முறைச் சங்கத்துக்கு இண்டியானாபொலிஸில் கூட்டம் இருந்தது, ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது. நிர்வாகக் குழு இரவோடிரவாக ரத்து செய்ய முடிவெடுத்து அறிக்கைகூட எழுதிவிட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்து ரத்துக் கட்டணம் இருக்கும் பக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். தேதி நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். அந்த நிலையில் அறை வாடகையில் முக்கால் பங்கும் சாப்பாட்டுக்குப் பேசிய குறைந்தபட்சத் தொகையும் கொடுத்தே ஆக வேண்டும். கை மீறிய காரணங்களுக்கான ஷரத்து இருக்கிறதே என்றார் ஒருவர். புயல், போர், வேலைநிறுத்தம் என்று கூட்டமே நடத்த முடியாமல் போனால்தான் அது உதவும். ஒரு சட்டம் நமக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் வராது. ஆக, புறக்கணிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதே ஊர் ஹோட்டலுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

மறுநாள் அந்த ஹோட்டலுக்கு நேரில் போனேன். விருந்துக்கூட மேற்பார்வையாளர் ஒருவர், வருஷக்கணக்கில் எனக்குத் தெரிந்தவர், காலி மேசையில் துணியை நீவிக்கொண்டே பேசினார். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பரிமாறுகிறவர்களுக்குக் கூட்டம் இருந்தால்தான் ஷிஃப்ட், ஷிஃப்ட் இருந்தால்தான் சம்பளம் என்றார். இந்தச் சட்டத்தை அவர் வெறுத்தார். இந்த நகரம் 2005இலேயே எங்களைப் பாதுகாக்க விதி போட்டது, மேயரே இதை எதிர்க்கிறார், நீங்கள் போய்விட்டால் நாங்கள் யாரோடு நிற்பது என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். வெளியே வரும்போது தெருவில் ஒரு காபிக் கடைக் கண்ணாடியில் புது ஸ்டிக்கர்: இந்தக் கடை எல்லோருக்கும் சேவை செய்யும் என்று.

அவர் கேட்டதை அப்படியே குழுவிடம் சொன்னேன். அதற்குள் திருத்தமும் வந்துவிட்டது, கூட்டம் நடந்தது. முதல் நாள் காலை அமர்வை அங்குள்ள உரிமை அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தார்கள்.

கலிபோர்னியாவின் அனுபவமும் இதைத்தான் காட்டியது என்று நினைக்கிறேன். இப்படிச் சட்டம் போடும் மாநிலங்களுக்கு அரசுச் செலவில் பயணம் கூடாது என்று 2017 முதல் தடை வைத்தார்கள். முதலில் நான்கு மாநிலம், போகப் போகப் பட்டியல் இருபதைத் தாண்டியது. அந்தச் சட்டங்களோ குறையவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விளையாட்டு அணிகளும் பயணத்துக்கு வேறு பணம் தேட வேண்டியிருந்தது. 2023இல் தடையை நீக்கி, அந்த மாநில மக்களிடம் பேசும் பிரச்சாரத்துக்கு வழி செய்தார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த, அப்போது மாநில செனட் தலைவராக இருந்த டோனி அட்கின்ஸ் தாமே லெஸ்பியன், தென்மாநிலமான வர்ஜீனியாவில் வளர்ந்தவர்.

அதற்காகப் புறக்கணிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. வட கரோலினாவும் 2016இல் இப்படியொரு சட்டம் போட்டபோது, பேபால் நிறுவனம் அங்கே 400 வேலைகளைக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டதும், தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆல்ஸ்டார் ஆட்டம் அந்த மாநிலத்தின் சார்லட் நகரை விட்டு நியூ ஆர்லியன்ஸ் போனதும் அந்த அரசை உலுக்கின. புறக்கணிப்பதானால், எதை மாற்றினால் திரும்பி வருவோம் என்று சொல்லுங்கள். அந்த ஊரில் இருக்கும் தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் அமைப்புக்கு முதலில் ஒரு போன் பண்ணி, நாங்கள் வராமல் இருப்பது உங்களுக்கு உதவுமா என்று கேளுங்கள். வராதீர்கள் என்று அவர்களே சொன்னால் நஷ்டத்தைப் பார்க்காமல் ரத்து செய்யுங்கள்.

அப்புறம், ஒப்பந்தம். 2015க்குப் பிறகு நான் போடும் எல்லாவற்றிலும் ஒரு ஷரத்து கேட்கிறேன்: கையெழுத்தான பிறகு அந்த மாநிலமோ நகரமோ எங்கள் உறுப்பினர்களிடம் பாகுபாடு காட்ட அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தால், கட்டணம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஹோட்டல்காரர்கள் முதலில் அந்த ஷரத்தை அடித்துவிட்டு அனுப்புவார்கள். திரும்பச் சேர்த்து அனுப்புங்கள். சட்டம் நிறைவேறி 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கூட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்று ஏதாவது நிபந்தனை போட்டுத்தான் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த நிபந்தனைக்கு நான் சம்மதித்துவிடுவேன். அறைக் கணக்கைப் பேசி முடிக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள், முன்பணம் கட்டிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.