கிழவி: சொல்லும் பொருளும்

நாட்டுப்புறத்தில் தனியே மூப்படையும் ஒரு பெண்ணை நடுவில் வைத்து நாவல் வந்தால், பின்னட்டைக் குறிப்பில் அவள் ‘வயோதிக மாது’ ஆகிவிடுகிறாள். உள்ளே ஊரே அவளைக் கிழவி என்கிறது. அந்தச் சொல் வசை என்ற நினைப்புதான் இந்தத் தயக்கத்துக்குக் காரணம். வேரைப் பார்த்தால் தயங்க வேண்டியதே இல்லை.

‘வயோதிகம்’ வடமொழிச் சொல். வயது என்பதும் அதிகம் என்பதும் சேர்ந்து உண்டானது. வயது கூடிய நிலை என்பதற்கு மேல் அதில் வேறு பொருள் கிடையாது. முதுமை, மூப்பு இரண்டுமே அதற்கு நேரான தமிழ்.

கிழவிக்கு வேர் கிழமை. கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைப் பொருளை இலக்கண நூலார் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று பிரித்தார்கள்: பிரிக்க முடியாத ‘என் கை’ தற்கிழமை, பிரிந்து நிற்கும் ‘என் வீடு’ பிறிதின் கிழமை. திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்ற புலவர் பெயர்களில் இருப்பதும் இந்த உரிமைதான். தொல்காப்பியத்தின் களவியல் ‘ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப’ என்று சொல்வது முதன்முதலாகச் சந்திக்கும் இளங்காதலர்களை. திருமுருகாற்றுப்படை ‘பழமுதிர் சோலைமலை கிழவோனே’ என்று முடிகிறது. என்றும் இளையவனான முருகனை முதியவன் என்று எவரும் பாடமாட்டார்கள். மலைக்கு உரியவன் என்பதே பொருள்.

வயலுக்கு வந்தால் 1039ஆம் குறள். ‘செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்.’ தினம் போய்ப் பார்க்காத நில உரிமைக்காரனிடம் நிலம் ஊடிக்கொள்ளும் என்கிறார் வள்ளுவர். வரப்பில் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு நாள் காயட்டும்’ என்று சொல்லும் கிழவியை எழுதுகிறவர் இந்தக் குறளின் பெண்பாலைத்தான் எழுதுகிறார்.

அப்படியானால் வயது முதிர்ந்த பெண்ணைப் பழம்பாடல்கள் எப்படிச் சொல்லின? புறநானூறு 277இல் ‘மீன்உண் கொக்கின் தூவி அன்ன வால்நரைக் கூந்தல் முதியோள்’. கொக்கின் இறகு போல வெளுத்த கூந்தல். ஒரே வரியில் ஆள் முழுதாகக் கண்முன் நிற்கிறாள். முல்லைப்பாட்டில் நாழி நெல்லும் முல்லைப் பூவும் கொண்டு தூவி, விரிச்சி என்னும் நற்சொல் கேட்க நிற்கிறவர்கள் ‘பெருமுது பெண்டிர்’. மூதாட்டி என்பது முது + ஆட்டி. முது என்பதன் முதலெழுத்து மூதூர், மூதுரையில் போலவே இதிலும் நீள்கிறது. சீமாட்டி, பெண்டாட்டியில் உள்ள ஆட்டிதான் இது.

குடும்பத்தில் உரிமை மூத்தவர் கையில் இருந்ததால் உரிமைச் சொல்லின் மேல் வயது ஏறியிருக்க வேண்டும். இரண்டு பொருளும் மோதும் இடம் விருத்தாசலத்துக் கதை. சைவத் துறவி குரு நமசிவாயர் பசியில் அவ்வூர் அம்மன் பெரியநாயகியை ‘மலைக்கிழத்தி சோறு கொண்டு வா’ என்று பாடினாராம். அம்மன் கிழவியாக வந்து, ‘கிழத்தி என்கிறாயே, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும்?’ என்று கேட்க, அவளை இளையவளாக வைத்து வேறு பாட்டுப் பாடினார் என்பது வழக்கு. பாடியவர் மனத்தில் உரியவள். கேட்டவள் காதில் முதியவள்.

நாவல் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சொல்லில் உரிமை இருந்தும் சட்டத்தில் அது நெடுங்காலம் இல்லை. 1956க்கு முன் கணவனின் நிலம் கைம்பெண்ணுக்கு வந்தால், உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். சட்டம் ஏற்கும் அவசியம் இல்லாமல் விற்க முடியாது. அவளுக்குப் பின் அது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் அதை முழு உரிமையாக்கியது. 1940களில் நடக்கும் கதையில் கிழவி அந்த நிலத்தைப் பேத்திக்கு எழுதிவைத்தால் கதை அங்கேயே உடைகிறது. அவளுக்குச் சீதனமாக வந்த நிலம் என்றால் சங்கதி வேறு.

இனி, எங்கே எந்தச் சொல்? கதை சொல்லும் குரலுக்குக் கிழவி போதும். வினையில் ‘வந்தாள்’ என்ற மதிப்பு இருந்தால் சொல் தாழாது. கிழம், கிழடு இரண்டும் அஃறிணை வடிவங்கள். வெறுப்பைக் காட்டும் பாத்திரத்தின் வாயில் மட்டும் அவை வரட்டும். ஆனால் பேச்சில் ‘அப்பத்தா வந்துச்சு’ என்பது பல ஊர்களில் பாசம். அதை ‘வந்தார்’ என்று திருத்தினால் வீடே அந்நியமாகிவிடும். பேரப்பிள்ளைகள் கூப்பிடுவது ஊருக்கு ஊர் மாறும்: மதுரைப் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி, திருச்சி, தஞ்சைப் பக்கம் அப்பாயி, அம்மாயி, யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா. நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. நகரத்தார் வீட்டில் இளம் மனைவியும் ஆச்சிதான். பின்னட்டைக்கு முதியவள், மூதாட்டி இரண்டும் பொருந்தும். மூதாட்டியில் ஔவையின் சாயல் இருப்பதால், களை பறிக்கும் கையை உடைய நாயகிக்கு முதியவளே இயல்பு.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. கிளவி என்றால் சொல், பேச்சு. ழகரம் வழுக்கினால் கிழவி அங்கே போய்விடுவாள். தொல்காப்பியக் கற்பியலில் இரண்டும் ஒரே அடியில் நிற்கின்றன: ‘கிழவி முன்னர்த் தற்புகழ் கிளவி’. தலைவியின் முன்னால் தன்னைப் புகழ்ந்து பேசும் பேச்சு.