ரோல்பேக் – நிலைமீட்பு

மேம்படுத்தலுக்குப் பின் சிக்கல் வந்தால், அதற்கு முன்பிருந்த நிலைக்கே கணினியைத் திருப்பிக் கொண்டுபோவது ரோல்பேக்.

'பின்னால் உருட்டு' என்ற ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர் இது. கணினித் துறையில் தரவுத்தளக்காரர்களிடம் ஊன்றிய சொல். 1986இல் தரப்படுத்தப்பட்ட எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் கமிட், ரோல்பேக் என இரு கட்டளைகள் உண்டு. முதலாவது செய்த மாற்றங்களை உறுதிப்படுத்தும், மற்றது அவை நடக்கவே இல்லாததுபோல் ஆக்கிவிடும். 'நடக்கவே இல்லாததுபோல்' என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. மென்பொருள் பொதிகளை நிறுவி மேம்படுத்தும் கருவிகளான பொதி மேலாளர்கள் பலவற்றுக்கு அது கைவராது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் பொதி மேலாளரான ஏபிடியைப் பாருங்கள். புதிய பதிப்பை நிறுவும்போது பழைய கோப்புகளின் இடத்திலேயே புதியவை வந்துவிடும். பழையது வேண்டுமென்றால் ஏபிடியின் ஹிஸ்டரி பதிவில் முந்தைய பதிப்பெண்ணைத் தேடி, பொதிப் பெயரை அடுத்துச் சமக்குறியிட்டு அந்த எண்ணைக் கொடுத்து நிறுவ வேண்டும். பொதிகளை வழங்கும் இணையக் களஞ்சியத்திலோ, முன்பு பதிவிறக்கியவை தங்கும் வட்டின் கேச் கோப்புறையிலோ அது மிச்சமிருந்தால்தான் கிடைக்கும். சார்ந்த பொதிகளையும் கூடவே பழைய பதிப்புக்கு இறக்க வேண்டிவரும். முடித்ததும், அந்தப் பதிப்பிலேயே நிறுத்திவைக்கும் 'ஹோல்டு' போடாவிட்டால் அடுத்த மேம்படுத்தலில் புதியதே மறுபடி வந்து உட்காரும். இது டவுன்கிரேடு, ரோல்பேக் அல்ல. டெபியன் இதற்கு உத்தரவாதமும் தருவதில்லை. நிறுவலின்போது ஓடும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அமைப்புக் கோப்புகளைப் புதிய வடிவுக்கு மாற்றியிருக்கலாம், அதைத் திருப்பி மாற்றும் ஸ்கிரிப்டை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

ஃபெடோரா லினக்ஸின் பொதி மேலாளர் டிஎன்எஃப், செய்ததைத் திருப்பும் கட்டளைக்கு 'ஹிஸ்டரி அண்டூ' என்று நம்பிக்கையாகவே பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அப்டேட்ஸ் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதிக்கும் கடைசிப் பதிப்பு மட்டுமே இருக்கும். இடைப்பட்ட பதிப்பைக் கேட்டால் 'கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும்.

சொல்லுக்கு நியாயம் செய்வது நிக்ஸ் என்ற பொதி மேலாளர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கியது. இதில் எதன்மீதும் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு பதிப்பும், அதற்கே உரிய 32 எழுத்து அடையாளக் குறியை (ஹாஷ்) பெயரில் கொண்ட தனிக் கோப்புறையில் நிற்கும். மேம்படுத்தல் என்பது ஒரு சிம்லிங்க்கை, அதாவது வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்பை, புதிய 'ஜெனரேஷன்' (நிறுவியவற்றின் ஒரு தொகுப்பு நிலை) பக்கம் திருப்புவதுதான், ரோல்பேக் அதையே பழைய பக்கம் திருப்புவது. நிக்ஸைக் கொண்டு அமைந்த இயங்குதளமான நிக்ஸ்ஓஎஸ்ஸில் கணினி எழவே மறுத்தாலும், தொடக்கத்தில் வரும் பூட் மெனுவில் முந்தைய ஜெனரேஷனைத் தேர்ந்துகொள்ளலாம். விலை வட்டு இடம். இடம் போதவில்லை என்று பழைய ஜெனரேஷன்களை எல்லாம் துடைத்துவிட்டால், திரும்பிப் போக வழியில்லை.

ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வேறு வழி பிடிக்கிறது. அதன் பொதி மேலாளர் ஜிப்பர் பொதிகளைத் தொடும் முன்னும் பின்னும், ஸ்னாப்பர் என்ற கருவி பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுக்கும். சிக்கல் வந்தால் பழைய ஸ்னாப்ஷாட்டில் பூட் செய்து, சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, அதன்பிறகு ரோல்பேக் கட்டளை கொடுத்து மறுபடி பூட் செய்ய வேண்டும். பார்த்ததோடு விட்டுவிட்டால் அடுத்த பூட்டில் பழுதான அமைப்பே எழும்.

இவற்றில் எதுவும் பயனர் தரவைப் பின்னுக்குக் கொண்டுபோவதில்லை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7ஐ 8.0 ஆக்கி ஒருமுறை ஓடவிட்டால் தரவுக் கோப்புகளின் வடிவமே மாறிவிடும், 5.7ஐத் திரும்ப வைத்தாலும் அவற்றைத் திறக்காது. முன்கூட்டி எடுத்த காப்புநகல் ஒன்றே கதி.

இனி தமிழுக்கு. 'பின்னுருட்டல்' சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, பொருள் விளங்காது. 'முன்னிலையாக்கல்' பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் முன்னிலை என்றதும் இலக்கணத்தின் 'நீ'யும் தேர்தல் முடிவில் முந்துபவரும் நினைவுக்கு வருகிறார்கள். எது மீட்கப்படுகிறதோ அதையே சொல்வதால் 'நிலைமீட்பு' பொருந்தும். டவுன்கிரேடுக்குத் 'தரமிறக்கம்' வேண்டாம், இறங்குவது பதிப்பெண்தான். 'பதிப்பிறக்கம்' என்றால் பதிவிறக்கம் என்று படித்துவிடுவார்கள். 'பழம்பதிப்பு நிறுவல்' சற்று நீளம், ஆனால் குழப்பமில்லை.

பயன்பாடு: "கர்னல் சரியாக வரவில்லை, நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கு நிலைமீட்பு செய்துவிட்டேன்." "நிலைமீட்புக்கு வழியில்லை, பழம்பதிப்பை நிறுவி ஹோல்டு போட்டிருக்கிறேன்."