செவிக்கல் (ஓட்டோலித்)

கத்தாளைக் குழம்பில் தலைத்துண்டு கிடைத்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட பொருள்தான். தலையைப் பிரித்துச் சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று ஒரு கல் அகப்படும். கழுவிப் பார்த்தால் பீங்கான் சில்லு போல வெள்ளையாக இருக்கும். அதுதான் ஓட்டோலித்.

இது கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'ஓட்டோ' என்றால் காது, 'லித்தோஸ்' என்றால் கல். அப்படியே தமிழில் செவிக்கல். மீனின் உட்காதில் இருந்துகொண்டு ஒலியை உணரவும் உடல் சாயாமல் நீந்தவும் உதவுகிறது. மூன்று ஜோடி உண்டு. வயது பார்க்கப் பெரும்பாலும் எடுப்பது 'சஜிட்டா' என்ற ஜோடியை. லத்தீனில் அம்பு என்று பொருள்.

சிலர் இதைக் 'காதெலும்பு' என்று எழுதுகிறார்கள். அது தவறு. எலும்பு உயிருள்ள திசு. உடல் அதைக் கரைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கும். செவிக்கல்லோ கால்சியம் கார்பனேட். ஒரு முறை படிந்த அடுக்கு படிந்ததுதான். குஞ்சாக இருந்தபோது உண்டான சிறு கல், கிழட்டு மீனின் கல்லுக்குள்ளும் நடுவில் அப்படியே இருக்கும். வயதை அறிய முடிவதே இதனால்தான். ஆகவே 'கல்' என்ற பாதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மரத்தைப் போல இதிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. ஆனால் எண்ணுவது அவ்வளவு லேசில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வாழும் ஆரஞ்சு ரஃபி மீனை எடுத்துக்கொள்வோம். வயதான மீனில் செவிக்கல் நீளம் கூடாமல் தடிமன் மட்டும் கூடுகிறது. மேற்பரப்பில் தெரியும் வளையங்களை மட்டும் எண்ணினால் வயது குறைவாகத்தான் வரும். கல்லைக் குறுக்கே மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

சரி, பருவமே தெரியாத அந்த இருட்டில் வளையம் ஆண்டுக்கு ஒன்றுதான் விழுகிறது என்று எப்படி நம்புவது? அதற்கும் கல்லே சாட்சி. வளரும்போது அது கடல்நீரிலிருந்து துளி ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த ரேடியம்-226 சிதைந்து, காலப்போக்கில் ஈயம்-210 சேர்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதமே ஒரு கடிகாரம். 1991இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இப்படிக் கணக்கிட்டபோது, சுமார் 40 செ.மீ. நீளமே உள்ள மீன்களுக்கு 77 முதல் 149 வயது வரை வந்தது. அதற்குள் இழுவலைக் கப்பல்கள் பத்தாண்டுக்கு மேலாக அவற்றை டன் கணக்கில் அள்ளியிருந்தன. முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது, முப்பது ஆண்டு எடுக்கும் மீன் அது. நினைத்தால் மனம் பதறுகிறது.

செவிக்கல் எல்லா மீனுக்கும் இல்லை. சுறாவின் காதில் இருப்பது மாவு போன்ற நுண்துகள்கள். அவற்றைச் 'செவித்துகள்' எனலாம். அதில் வளையம் எண்ண வழியில்லை. கிரீன்லாந்து சுறாவின் வயதை அறியக் கண்வில்லையின் நடுப்பகுதியில் உள்ள கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தை அளந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் மிகப் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது.