வயருக்குள் ஏறும் கடல்

உவரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, வீட்டுக்கு வயரிங் செஞ்சது போக ஒரு சுருள் மிச்சம் கெடக்கு. வள்ளத்துல லைட்டுக்கு அதையே இழுத்துரலாமா? போட்டுக்குன்னு தனி வயர் இருக்குன்னு கடையில சொல்லுதாக. வெலையக் கேட்டா தலை சுத்துது."

நியாயமான கேள்விதான். அவருடையது சின்ன ஃபைபர் வள்ளம். 12 வோல்ட் பேட்டரி ஒன்று. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை. அப்புறம் வலை பார்க்க ஒரு விளக்கு. குமரிமுனையைச் சுற்றிப் பெரிய கப்பல்கள் போய்வரும் கடல் அது. இந்த விளக்குகள் இல்லாத வள்ளம் ராத்திரியில் கப்பல்காரர் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் தடிமன். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போக 8 மீட்டர், திரும்பி வர 8 மீட்டர் என்று வையுங்கள். 1 சதுர மி.மீ. செம்பு வயர் 16 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.28 ஓம். பழைய 60 வாட் ஹாலோஜன் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். ஓம் விதிப்படி 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டில் 230 வோல்ட்டில் 1.4 குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். இழை பல்பின் வெளிச்சம் அதைவிட வேகமாகச் சரியும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் தடித்த வயராகப் பார்த்து வாங்கினார்கள். இன்று 10 வாட் எல்இடி போதும். இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு, வழியில் போவது கால் வோல்ட் கூட இல்லை. ஆகவே தடிமனில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

அப்படியானால் வீட்டுச் சுருளே போதுமே என்பீர்கள். போதாது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தில், போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகாத வயரை ஒருமுறை வெட்டிப் பார்த்தோம். வெளியே பிளாஸ்டிக் உறை புத்தம் புதிதாகப் பளபளத்தது. நுனியில் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்து, அங்கங்கே பச்சைக் களிம்பு. சரி, நுனிதானே என்று இன்னும் நாலு விரற்கடை வெட்டினோம். கறுப்பு. ஒரு முழம் வெட்டிய பிறகும் கறுப்பு. தண்ணீர் படவே வழியில்லாத இடம் அது. உப்பு எப்படிப் போனது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். 1 சதுர மி.மீ. மல்டி ஸ்ட்ராண்டு வயரில் 0.2 மி.மீ. கனமுள்ள 32 இழைகள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பென்சிலைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், நடுவில் ஒரு முக்கோணச் சந்து தெரியும். வயரில் அந்தச் சந்துக்குள் நுழையும் வட்டத்தின் ஆரம் சுமார் 0.015 மி.மீ. அவ்வளவு குறுகலான வழியில் நுண்புழை ஏற்றம், கணக்குப்படி, கடல்நீரை 90 செ.மீ. உயரம் வரை தூக்கிவிடும். அதுவும் செங்குத்தாக! வள்ளத்தில் வயர் படுக்கையாகத்தான் ஓடும். அங்கே புவியீர்ப்பும் தடுக்காது. உறையே குழாயாகிவிடுகிறது.

இழை மெலிதாக ஆக, தாக்க இடமும் கூடும். 32 இழைகளின் மேற்பரப்பைக் கூட்டினால், அதே அளவு ஒற்றைக் கம்பியைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அப்படியானால் ஒற்றைக் கம்பியே போடலாமே? என்ஜின் அதிர்வில் அது வளைந்து வளைந்து பட்டென்று முறிந்துவிடும். அதிர்வுக்கு மெல்லிய இழை வேண்டும், உப்புக்கு அது ஆகாது.

இந்த இழுபறிக்கு விடை எங்கள் பாளையங்கோட்டைத் தெருவிலேயே முன்பு கூவிக்கொண்டு போனது: "ஈயம் பூசுறதூ!" பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டுக் களிம்பு ஏறாமல் இருக்க உள்ளே பூசுவார்களே, அந்த வெள்ளீயம்தான். படகு வயரில் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாக அதே பூச்சு. வெள்ளீயத்தின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் உப்பைச் செம்பிடம் சீக்கிரம் விடாது. தண்ணீர் ஏறும்தான், ஏறிவிட்டுச் சும்மா கிடக்கும். அந்தக் கூடுதல் விலை இதற்குத்தான்.

விளக்கு அடிக்கடி அணைந்தால் கண் பட்டுவிட்டது என்று அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களும் உண்டு. கட்டட்டும், ஆனால் டேப் சுற்றிய ஜாயின்டைப் பிரித்தும் ஒருமுறை பார்க்கட்டும். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே ஈர டேப்புக்குள் இருந்தால் அது ஒரு குட்டி மின்முலாம் பட்டறை. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து போகும், மைனஸ் ஓரளவு தப்பிக்கும். எந்தப் பக்கம் தின்னப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பிடிபடும்.

இதையெல்லாம் ஆராய காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். துரு ஆராய்ச்சிக்கு ராக்கெட்டின் கவர்ச்சி இல்லை. எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கிறோம், கூடங்குளத்தில் ஒரே உலை 1000 மெகாவாட் தருகிறது. பக்கத்துக் கரையில் 10 வாட் விளக்கு கடலில் அணையாமல் இருக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

சரி, வாசகருக்கு: வெள்ளீயம் பூசிய 1 சதுர மி.மீ. வயர் வாங்குங்கள், வள்ளத்தில் கயிறு பிடித்து அளந்து தேவையான நீளம் மட்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பிளஸ் வயரில் பியூஸ். ஜாயின்டை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயர் நுனிகளை வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். விளக்குக்குள் நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வெளியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயர் நுழையும் ஓட்டையை அடைக்க சிலிக்கான் பசை வாங்கினால் டியூபைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் வேண்டாம். அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும்.